வலிக்காத ஊசி

1

ஜெனி, பிரவீன், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். பிரவீன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் ஜெனி, நீ வாய்விட்டுப் படி, அவன் கேட்கட்டும். அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் படியுங்கள். எதற்கு இந்த ஒளிவு மறைவு என்று போகப் போகத் தெரியும். தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு பேனாவை மூடி வைத்தவன் நான். தகரம் வெட்டும் ஆலையில் விரலெல்லாம் மரத்துப் போயிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாயே ஜெனி, "அப்பா, லீவு குடுத்துட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு நான் உங்ககிட்ட வரேன்" என்று. அதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஊருக்கு வருவேனே தவிர, நான் இருக்கிற இந்த உகாண்டா தேசத்துக்கு நம் வீட்டிலிருந்து ஒருவர் வருவது இது இரண்டாம் முறை. முதலில் வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மூச்சிலேயே நீ சொன்னாய்: "மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டாத்தான் உள்ள விடுவாங்களாம்ப்பா. கவர்மென்ட் சென்டர்ல ஸ்லாட்டே கிடைக்கல. ஆபீஸ்ல ஒரு அக்கா நம்பர் குடுத்தாங்க. நாவலூர்ல ஒருத்தர் இருக்காராம். ஐஸ் பாக்ஸோட வீட்டுக்கே வந்து போட்டுட்டு, கையோட கார்டும் குடுத்துடுவாராம்."

"வேணாம்மா" என்றேன்.

"ஏம்ப்பா?"

"வேணாம்னா வேணாம்."

"நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்க. ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. ஏர்போர்ட்ல கார்டைத்தானே பாக்கறாங்க? கையைக் கிள்ளியா பாக்கறாங்க?"

பின்னாலிருந்து பிரவீன் சிரித்தான். குக்கர் விசில் அடித்தது. நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அம்மா அடுப்பங்கரையில் நின்றபடியே எல்லாம் கேட்பாள். அவள் குரல் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வழக்கமாக நாம் பேசுகிறபோது நடுவில் நாலு தரமாவது "இன்னாவாம் உங்கப்பாவுக்கு?" என்று கேட்கிறவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

2

நான் இருக்கிற ஜிஞ்ஜா ஏரிக்கரை ஊர். கடல் மாதிரி பரந்த ஏரி. ஆனால் உப்புக்காற்று கிடையாது, அலையும் சும்மா பேருக்குத்தான். காலையில் ஆலை வண்டி வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வந்ததும் ஜன்னல் கம்பிவலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன், கொசுவலையை இழுத்துச் செருகுவேன். அதற்கப்புறம்தான் செருப்பையே கழற்றுவேன். என்னோடு தங்கியிருக்கிற குஜராத்திக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

உங்களோடு போனில் பேசுவதும் வரவர ஆலை வேலை மாதிரி ஆகிவிட்டது. "சாப்டியா?" "சாப்ட்டேன்." "காலேஜ் எப்படி?" "ஓகேப்பா." அதற்கு மேல் பேச்சு நகராது. உங்களைக் குறை சொல்லவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையை விட்டு வந்தவன், அவன் என்ன படம் பார்க்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்று எதை வைத்துப் பேசுவேன்? போன வருஷம் நான் வாய்க்கு வந்தபடி, "பிரவீன், காலேஜ்ல ஃபிரண்ட்ஸோட சேர்ந்து குடிக்கக் கிடிக்கப் பழகாதே" என்றேன். அவன் சொன்னான்: "நான் ஒண்ணும் மோசே மாமா மாதிரி ஆக மாட்டேன், கவலைப்படாதீங்க."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அதுதான். அம்மாவின் தம்பி மோசே குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை வந்து, அப்பா வேலை செய்கிற ஊரில் செத்துப்போனார் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். சபையில் கூட அவர் பெயரைச் சொல்லித்தான் பையன்களுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

அது பொய். சனிக்கிழமை ஒரு பாட்டில் பீர் அடிப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் செத்தது அதனால் இல்லை. ஒரு பொய் ஊசியால் செத்தான்.

3

நான் இங்கே வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்ட கதையை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் வித்தியாசம் புரியும்.

சென்னையில் அரசாங்க இடத்தில் போட்டார்கள். விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். நர்ஸம்மா கூப்பிட்டு முதலில் கேட்டது, "முட்டை சாப்பிடுவியா? சாப்பிட்டா உடம்பு தடிக்குமா, மூச்சு வாங்குமா?" என்று. நான், "எனக்கு முட்டை வாங்கித்தரப் போறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "நக்கலா? அந்த ஊசியை முட்டையில வளர்த்துதான் செய்றாங்க. ஒத்துக்காதவங்களுக்குப் போட மாட்டோம்" என்றார். அப்புறம் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அதற்குள் தண்ணீர் இல்லை, பால் பவுடரைக் கட்டியாக்கி அடியில் ஒட்டின மாதிரி ஏதோ இருந்தது. இன்னொரு குப்பியிலிருந்து தண்ணீரை ஏற்றிக் கலக்கினார். கலக்கினால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டுத் தீர்த்துவிட வேண்டுமாம், மிச்சத்தைத் தூக்கி எறிய வேண்டுமாம். ஒரு பாட்டிலில் பல பேருக்கு வரும். ஆகவே ஆள் சேர்ந்தால்தான் பாட்டிலைத் திறப்பார்கள். போட்டபின் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஊசி ஒன்றும் பெரிதாகக் குத்தவில்லை. அதற்கப்புறம்தான் கை கனத்தது, லேசாகக் காய்ச்சல் அடித்தது. அம்மா கேளம்பாக்கம் கல்லுப்பைச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, இடது புஜத்தில் ஒத்தடம் கொடுத்தாள். ஊசி போட்ட கைக்கு உப்பு ஒத்தடம் கொடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. உங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் அவள் கொடுக்காத ஒத்தடமா?

4

மோசே மாமா மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். உங்களை முன்சீட்டில் ஏற்றி ஹாரன் அடிக்க விட்டது ஞாபகம் இருக்கும். ஒரு நாள் எனக்குப் போன் போட்டு, "மாமா, வெள்ளக்காரனையும் காலேஜ் பசங்களையும் ஏத்தி எறக்கி பேஜாராப் போச்சு. உன்னாண்ட இன்னா வேல கீதோ சொல்லு, வந்துடறேன். யானை மேய்க்கச் சொன்னாலும் மேய்க்கிறேன்" என்றான். ஆலையில் தகரச் சுருளைத் தூக்கி வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்தேன்.

அரசாங்க இடத்துக்குத்தான் அவனும் போனான். முதல் தரம் ஆள் சேரவில்லை, பாட்டிலைத் திறக்க முடியாது, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் மருந்தே வரவில்லை. டிக்கெட் தேதி நெருங்கிவிட்டது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லும் என்பதால் அவனுக்குப் பதைப்பு. அந்த நேரத்தில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசா வேலை பார்த்த ஏஜென்ட் சொல்லியிருக்கிறான்: "இதுக்கு எதுக்கு அண்ணாத்த லோல் படற? வெளிநாடு போறவங்களுக்காக மாமல்லபுரம் லாட்ஜ் ஹால்ல கேம்ப் வைக்கிறோம். வந்து ஊசியப் போட்டுனு கார்டு வாங்கினு போ."

மோசே கொஞ்சம் யோசித்தான். அம்மா யோசிக்கவில்லை. ஏனென்றால் அங்கே ஊசி போட வரப்போகிறவர் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. உங்களுக்கெல்லாம் சின்ன வயதில் ஊசி போட்டாரே, கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஐயா, அவர். "கைராசிக்காரருடா தம்பி. அவரு கை பட்டாலே பாதி நோய் பூடும். குழந்தைங்க அழுதுகூட நீ பாத்திருக்கியா?" என்று சொல்லி, அவளே தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நம் பக்கத்தில் இப்படித்தான் பார்க்கிறோம். மருந்து எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று கேட்க மாட்டோம். குத்துகிற கை யாருடையது என்று கேட்போம். கை நல்ல கைதான். அந்தக் கையில் இருந்தது என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கேம்பில் நடந்ததை மோசே இங்கே வந்தபிறகு வேலையாட்களிடம் அரைகுறை இங்கிலீஷில் நடித்தே காட்டுவான். மருந்து இருந்தது இறால் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில். மேலே ஐஸ் கொட்டியிருந்ததால் எல்லாருக்கும் நம்பிக்கை. "யக்கா, ஊசில எறா வாடை அடிக்குது, உள்ள போனா குழம்பு கொதிக்குமா?" என்று இவன் கேட்க, ஹாலே சிரித்ததாம். ஊசி போட்டவர்களுக்கெல்லாம் டீயும் முட்டை போண்டாவும் கொடுத்தார்கள். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் படூரில் நம் வீட்டுக்கு வந்தான். அம்மா முன்னாலேயே திரும்பிவந்து உப்பை வறுத்து மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"எதுக்குக்கா இது? வலிக்கவே இல்ல. கொசு கடிச்சா மாதிரிகூட இல்ல."

"பாத்தியா? நான் சொல்லல? கைராசி!"

அந்த உப்பு மூட்டையைப் பிரவீன் எடுத்துக்கொண்டு போய், கூடத்தில் சுவரில் அடித்துப் பந்து விளையாடினான். துணி அவிழ்ந்து வீடெல்லாம் உப்பு. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்த, மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறியதாக அம்மா அன்றைக்கே போனில் சொன்னாள். நானும் இங்கே சிரித்தேன்.

5

இங்கே அவன் மீன் மாதிரி நீந்தினான். இத்தனை வருஷத்தில் எனக்கு வராத பாஷை அவனுக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. மார்க்கெட்டில் பேரம் பேசுவான். வாழைக்காய் விற்கிற பெண்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னை இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

மேற்கே காட்டோரத்தில் ஒரு கிடங்குக்குக் கூரை போடுகிற வேலை வந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று அவனை அனுப்பினார்கள். திரும்பி வந்தவனுக்குக் காய்ச்சல். தலை வெடிக்கிறது, இடுப்பு ஒடிகிறது என்றான். மலேரியா இங்கே நம் ஊர்ச் சளி மாதிரி, எல்லாருக்கும் வரும், போகும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு அம்மா. நல்லவர். எங்கே போய்வந்தார் என்று கேட்டார், காட்டோரம் என்றேன். உடனே முகம் மாறி, "மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறாரா?" என்று கேட்டார். நான், "யெஸ் டாக்டர், யெஸ்" என்று அவன் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. முகம் தெளிந்துவிட்டது. அப்படியானால் அது இல்லை, மலேரியாவோ டைபாய்டோ பார்ப்போம் என்றார்.

ஜெனி, இந்த இடத்தை இரண்டு தரம் படி. அந்த அட்டை ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரியை மட்டும் ஏமாற்றியது என்று நீ நினைக்கிறாய். அது ஆஸ்பத்திரியிலும் கூடவே வந்து டாக்டரை ஏமாற்றியது. ஊசியே போடாமல் வந்திருந்தால்கூட அந்தம்மா அன்றைக்கே அதைத் தேடியிருப்பார். தேடியிருந்தால் பிழைத்திருப்பானா என்று பின்னால் கேட்டேன். அந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது, ஆனால் முதலிலிருந்தே அதற்கேற்றபடி பார்த்துக்கொண்டிருப்போம் என்று மட்டும் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் காய்ச்சல் விட்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். "மாமா, இன்னா இது கஞ்சி, சுவத்துக்கு அடிக்கிறா மாதிரி கீது? வூட்டுக்குப் போலாம், நானே மீன் வாங்கியாந்து குழம்பு வைக்கிறேன்" என்றான். அம்மாவுக்கு வீடியோ போட்டான். "அழுவாத யக்கா. உன் தம்பி ராஜா மாதிரி கீறான் பாரு. பிரவீன் எங்க? டேய் மருமவனே, வரும்போது உனக்கு நெஜ கிரிக்கெட் பந்து வாங்கியாறேண்டா, உப்பு மூட்டைய வுட்டுடு" என்றான். நாங்கள் எல்லாரும் பிழைத்துவிட்டான் என்று நினைத்தோம். அந்த நோய் அப்படித்தானாம். ஒரு நாள் விட்டுக்கொடுக்கும்.

மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஈறில் ரத்தம். வாந்தி கறுப்பாக வந்தது, காப்பித்தூளைக் கரைத்த மாதிரி. அதற்கு மேல் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, நான் ஊசி போட்டுனுதான வந்தேன்?"

"ஆமாண்டா. போட்டுட்டுத்தான் வந்த."

"பின்ன ஏன் மாமா?"

பதில் எனக்குத் தெரியவந்தபோது அவன் இல்லை.

6

தலைநகருக்கு அனுப்பின ரத்தத்தின் பரிசோதனை முடிவு வந்தது. மஞ்சள் காய்ச்சல்தான். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து என்னை உட்கார வைத்து விசாரித்தார்கள். எங்கே போட்டது, யார் போட்டது, போட்டபோது காய்ச்சல் வந்ததா, மருந்து பவுடரா தண்ணீரா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாதியில் தீர்ந்துவிட்டது. "வாட்டர் சார், வாட்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேம்பில் கம்பவுண்டர் பாட்டிலிலிருந்து நேராக உறிஞ்சிப் போட்டதை மோசே நடித்துக் காட்டியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடம்பை ஊருக்கு அனுப்ப நான் ஏறாத படி இல்லை. இந்த அலுவலகத்தில் சீல் வைத்த பெட்டி வேண்டும் என்பார்கள், அந்த அலுவலகத்தில் தொற்று இல்லை என்று தாள் வேண்டும் என்பார்கள். தொற்றால் செத்தவனுக்குத் தொற்று இல்லை என்று யார் எழுதித் தருவார்கள்? விமானக் கம்பெனி கையை விரித்தது. கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். "அங்கியே அடக்கம் பண்ணிடுங்க" என்றாள்.

இங்கே உள்ளூர் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். ஆலை ஆட்களும் மார்க்கெட் பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து "கிடாலோ" என்றார்கள். துக்கம் விசாரிக்கிற சொல் அது. பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் எல்லாரிடமும் "கிடாலோ, கிடாலோ" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நேராக மாமல்லபுரம் போய்க் கம்பவுண்டர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். கிழித்துவிடலாம் என்றுதான் போனாளாம். அவர் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எஸ்தரு, கப்பல் வேலைக்குப் போன என் புள்ளைக்கும் அதே பாட்டில்ல இருந்துதாம்மா போட்டேன். ஏஜென்ட் குடுத்தான், சீல் இருந்துச்சு, போட்டேன்" என்றார். மகனுக்குப் போன் போடக் கை வராமல் அவளிடமே போனை நீட்டினாராம். அந்தப் பையன் நல்லவேளையாக எதுவும் ஆகாமல் இருந்தான், வேறு துறைமுகத்தில் சரியான ஊசி போட்டுக்கொண்டான். அம்மா அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஏஜென்ட் கடை அதற்குள் காலி. அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பிறகு வேறொரு ஊரில் அதே லேபிள் ஒட்டின பாட்டில்கள் பிடிபட்டன, சோதித்துப் பார்த்தால் உள்ளே வெறும் உப்புத் தண்ணீர் என்று ஒரு ஏட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீர். அது வலிக்குமா, காய்ச்சல் வருமா?

அக்கம்பக்கத்தில் எப்படிச் செத்தான் என்று கேட்டபோது அம்மா "காமாலை" என்றாள். மீதியை அவர்களே குடி என்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. ஒரு தரம் நான் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டேன், ஏன் இப்படி அவன் பெயரைக் கெடவிடுகிறாய் என்று. "குடிச்சுதான் செத்தான்னா அது அவன் செஞ்சது. ஊசின்னா, இட்டுனு போனது யாரு?" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. அவள் மேல் தப்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறாது. நீங்களும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். மாமாவைப் பற்றித் தெரிந்துகொண்டீர்கள், அது போதும்.

7

ஜெனி, நாவலூர்க்காரர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. கம்பவுண்டர் ஐயாவும் நல்லவர்தான். ஆளைப் பார்க்காதே. அரசாங்கம் எந்த இடத்தில் போட அனுமதி கொடுத்திருக்கிறதோ அங்கேயே போ. ஆள் சேரவில்லை என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதே, திருப்பி அனுப்புகிற இடம்தான் சரியான இடம். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்களா பார். பவுடரைக் கண்ணெதிரே கலக்குகிறார்களா பார். நாள் ஆகிவிட்டால் டிக்கெட்டைத் தள்ளிப்போடு. வராவிட்டாலும் பரவாயில்லை, அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அட்டை மட்டும் போதும் என்கிறாய். இங்கிருந்து நான் வரும்போது சென்னை ஏர்போர்ட்டில் அந்த அட்டையைத்தான் கேட்கிறார்கள், இல்லாதவர்களைத் தனியே பிரித்து வைத்துவிடுவார்கள். எதற்கு இந்தக் கெடுபிடி என்று முதலில் எனக்கும் எரிச்சலாக இருந்தது. நம் நாட்டில் இந்த நோய் இல்லை. ஆனால் கொசு இருக்கிறது. மழை விட்டால் படூரில் காலி மனையெல்லாம் குட்டை, உனக்குத் தெரியாததா? பொய் அட்டையோடு போனவர் ஒருவர் ரத்தத்தில் நோயை வைத்துக்கொண்டு வந்து இறங்கினால், நம் வீட்டுக் கொசு அவரைக் கடித்துவிட்டு உன் அம்மாவைக் கடிக்கும். அதிகாரி அட்டையைப் படிப்பார். கொசுவுக்குப் படிக்கத் தெரியாது.

8

இதுவரை எழுதியதை அனுப்பி நாலு நாள் ஒரு பதிலும் வரவில்லை. நான் எழுதியது தப்போ என்று ஆகிவிட்டது. பிறகு பிரவீனிடமிருந்து வந்தது. எப்போதும் கட்டைவிரல் படம் அனுப்புகிறவன் தமிழில் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தான்: "அப்பா அந்த உப்பு மூட்டை எனக்கு ஞாபகம் இருக்கு."

ஜெனி போனாள். முதல் தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தரம் போட்டார்கள். மறுநாள் கூப்பிட்டாள்.

"அப்பா, முட்டை கேட்டாங்க."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பவுடரும் கலக்குனாங்க. கையத் தூக்க முடியலப்பா. ஒடம்பெல்லாம் சுடுது, ஆபீஸுக்கு லீவு போட்டுட்டேன்."

"ரொம்ப வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குது. ஏம்ப்பா, அழறீங்களா சிரிக்கிறீங்களா?"

"ரெண்டும் இல்லம்மா. அம்மா எங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். ஸ்பீக்கரைப் போடவில்லை போலிருக்கிறது. "அடுப்பாண்ட உப்பு வறுத்துட்டு நிக்கறாங்க. மொத தடவ கருகிடுச்சு, கொட்டிட்டுத் திரும்ப வறுக்கறாங்க. நான் ஒண்ணும் கேக்கலப்பா. சும்மா, ரொம்ப வலிக்குதும்மான்னு மட்டும் சொன்னேன். அதுக்கு, வலிக்கட்டும்டி, நல்லா வலிக்கட்டும்னு சொல்லிட்டு என் தலையப் புடிச்சுக்கிட்டாங்க."

டிசம்பரில் வருகிறாள். ஏரியைக் காட்ட வேண்டும். மாமா இருக்கிற இடத்தையும் காட்ட வேண்டும்.

போனை வைத்தபிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். போன முறை அம்மா பெட்டியில் திணித்து அனுப்பின கேளம்பாக்கம் உப்பு ஒரு பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. சட்டியில் வறுத்தேன். பழைய லுங்கியில் ஒரு துண்டு கிழித்து முடிந்தேன். சூடு போகாமல் இருக்கச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பட்டப்பகல், ஒருவரும் இல்லை. அவன் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தபின்தான் கவனித்தேன், தவறான பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சிலுவை இருப்பது தலைமாட்டில். கால்மாட்டில் நின்று பார்த்தால் அவன் ஊசி போட்டுக்கொண்ட இடது கை எனக்கு வலப்பக்கம் வரும். எழுந்து சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். புஜம் இருக்கும் இடத்தில் புல்லை விலக்கி, மூட்டையை மண்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சூடு ஆறும்வரை கையை எடுக்கவில்லை.